மூத்த பிள்ளையும் மூன்று உடும்பன்களும்

கன்னிவாடி
தை 14, புதன்

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் கறவை மாடு இரண்டும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் அவ்வளவு சுகமில்லை. அந்த நார்வே குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று நாலு வார்த்தை திருத்துகிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

விஷயம் உன் தம்பியிடமிருந்து தொடங்குகிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் முகேஷ்குமார் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் போய் நின்று போனில் காரசாரமாகப் பேசியிருக்கிறான். அம்மா காதில் விழுந்தது இவ்வளவுதான்: "எனக்கு மொத ஆளுதான். ரெண்டாவதையும் ஏத்துக்க மாட்டேன், அந்த மூணாவது பொண்ணையும் ஏத்துக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை திண்டுக்கல்ல வச்சுப் பேசி முடிச்சிருவோம்." அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நமக்குத் தெரியாமல் மூன்று பெண் பார்த்து முதல் பெண்ணை நிச்சயம் செய்யப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். எனக்கு வெள்ளைச் சட்டையை மாட்டி, கண்ணாடிக்குப் பிரேம் மாற்ற வேண்டும் என்று ஒரு சாக்கையும் சொல்லிக் கொடுத்து, அவனோடு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அங்கே போனால் பெண் வீட்டாரும் இல்லை, தாம்பூலத் தட்டும் இல்லை. அவன் சிநேகிதன் அல் அமீன் வீட்டு மாடி, கீழே அவர்களுடைய தோல் கிடங்கு, அந்த வாடையிலும் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்து உடும்பன் என்ற ஒருவனுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் பேங்கில் வேலை பார்க்கிறானாம், அவன் தொண்டைதான் பெரிய தொண்டை. உடும்பன் என்பது வெளிநாட்டுப் படக்கதை வீரன் ஒருவனுக்கு இவர்கள் தமிழில் வைத்துக்கொண்ட பெயர். பச்சை முகமூடி போட்டுச் சுவரைப் பிடித்தால் விடமாட்டான், ஊரைக் காப்பாற்றுவான். அவன் செத்துப் போனான். சிஷ்யன் ஒருவன் முகமூடியை மாட்டிக்கொண்டு நான்தான் உடும்பன் என்று வந்தான், அவனும் கால் ஒடிந்து உட்கார்ந்துவிட்டான். இப்போது பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் ஒரு பெண் உடும்பனாக இருக்கிறாள். இந்த மூவரில் யார் அசல் என்பதுதான் வழக்கு. உன் தம்பி முதல் உடும்பன் கட்சி, செத்தாலும் அவன் ஒருவன்தான் என்கிறான். ரிஃபாத் என்று ஒரு பெண், பேகம்பூர்க்காரி, மூன்றாவது உடும்பனுக்காக வக்கீல் தோற்கும்படி வாதாடினாள். பிரியாணி வந்தது, அதைச் சாப்பிடும்போதும் ஓயவில்லை. கடைசியில் வயசானவர் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்லட்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பிரியாணி சாப்பிட்ட நன்றிக்கு வாயைத் திறந்துவிட்டேன். அந்த முகமூடி யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டேன். சிஷ்யன் அலமாரியைத் திறந்து தானே எடுத்துப் போட்டுக்கொண்டான், இந்தப் பெண்ணுக்கு ஊர் ஜனம் கூடி மாட்டிவிட்டது என்றார்கள். அப்படியானால் அது பரிவட்டம் மாதிரி, இருபத்தெட்டு வருஷமாக நம் கோவில் திருவிழாவில் என் தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள், ஒரு தடவைகூட நானே எடுத்துக் கட்டிக்கொண்டதில்லை, ஊர் பார்க்கப் பூசாரி கட்டிவிட்டால்தான் அதற்கு மரியாதை, அதனால் அந்தப் பெண்தான் சரியான உடும்பன் என்று சொல்லிவிட்டேன். கைதட்டு விழுந்தது. முகேஷ் முகம் செத்துப் போயிற்று. அப்போது அந்த ரிஃபாத் சிரித்துக்கொண்டே, "அங்கிள், உங்க ஊர்ல பொண்ணுக்கு யாருக்காச்சும் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டாள். பிரேம் மாற்றவும் மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

வழியில்தான் உன் தம்பி உண்மையைக் கக்கினான். எனக்கு அறுபது முடிந்துவிட்டது, நம் வீட்டு வழக்கப்படி இந்தப் பங்குனியிலிருந்து பரிவட்டம் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். எல்லோரும் அவனைத்தான் நினைத்திருக்கிறார்கள். அவனுக்கோ சட்டையில்லாமல் விடியலிலிருந்து உச்சி வரை ஊர் முன்னால் நிற்பதை நினைத்தாலே ஊரை விட்டு ஓடத் தோன்றுகிறதாம். முதல் ஆள்தான் என்றைக்கும் அசல் என்று என் முன்னால் நிலைநாட்டிவிட்டால் என்னையே நிற்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான், கழுதை. "அக்காவுக்குக் கட்டுனா என்னப்பா, அவதான மூத்தவ" என்று அவனே சொன்னான்.

போன வெள்ளிக்கிழமை கோவில் கூட்டம். எனக்குப் பிறகு யார் என்று கேட்டார்கள். "எம் மூத்த புள்ளைக்கு" என்றேன். அப்படியே நோட்டில் எழுதிப் பெரியவர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டீ வந்து பாதி குடித்த பிறகுதான் அந்த ஏழு பேரில் ஒருவனான நல்லுசாமிக்குப் பொறி தட்டியது. உன் வகுப்பில் அவன் மகனும் படித்தானே, உன் வயசு அவனுக்குத் தெரியாதா. "ஏலே காமராஜு, புள்ளைன்னா ஆம்பளப் புள்ளைடா" என்று எழுந்துவிட்டான். "அப்ப பொம்பளப் புள்ளைன்னு எதுக்குச் சொல்றோம்?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் அந்த ஒரு வார்த்தைக்கே சண்டை, அல் அமீன் வீட்டு மாடி தேவலை. எழுதியதை அடித்தால் அம்மனுக்கு ஆகாது என்று பூசாரி சொன்னதால் தப்பித்தேன். ஆனால் நல்லுசாமி ஒரு முடிச்சுப் போட்டான்: பங்குனித் திருவிழாவன்று நீ நேரில் வந்து நின்றால் உனக்கு, வராவிட்டால் முகேஷுக்கு, அதற்கப்புறம் பேச்சே கிடையாது. உனக்கு லீவு கிடைக்காது என்ற தைரியம் அவனுக்கு.

அம்மா முதலில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது உனக்கு மாம்பழக் கலரில் பட்டு எடுக்க வேண்டும் என்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டாயாமே, பரிவட்டம் தலையில் நிற்குமா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை அம்மா. உனக்கு அங்கே வேலை இருக்கும், இதெல்லாம் வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம், அதுவும் சரிதான். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இதே நல்லுசாமி என்ன பிள்ளை என்று கேட்டான். "பொம்பளப் புள்ளதான்" என்றேன். அந்தத் 'தான்' சொல்லாமல் இருந்திருக்கலாம். முப்பத்தோரு வருஷமாக அது எனக்கு உறுத்துகிறது.

அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும். வெந்நீர்தான் குடிக்க வேண்டும், மறந்துவிடாதே. வந்தாலும் வராவிட்டாலும் பதிலை முதலில் எனக்குச் சொல். கூட்டத்தில் ஏழு பேர் முன்னால் எழுந்து நின்று இந்தத் தடவை சரியாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மூத்த பிள்ளை நாகஜோதியின் அப்பா,
காமராஜ்