இரு பக்கமும் எழுதிய பலகை

மேற்குத் தாம்பரம்,
புதன்கிழமை.

அன்பு நண்பர் டேனியல் அவர்களுக்கு,

உங்கள் கைப்பேசி போன வாரத்திலிருந்து அணைந்தே கிடப்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கோலார் முகவரியைத் தந்தவர் உங்கள் அக்காதான். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தம்பி வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தொலைபேசியில் அழுதார். இரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றதாகக் கிறிஸ்டினா சொல்கிறார். அங்கே வாங்கிக்கொண்டீர்களா?

வரி அதிகாரிகள் கூடுவாஞ்சேரிப் பட்டறைக்கு வந்தபோது நீங்கள் காட்டாங்குளத்தூரில் கல்லூரிச் சமையற்கூடத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தீர்கள். செய்தி கேட்டு அங்கிருந்தே பேருந்து ஏறிவிட்டீர்கள். ஆகவே அன்று நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வாசலில் தொங்கும் தகரப் பலகையின் ஒரு பக்கம் உங்கள் பெயரிலும் மறுபக்கம் கிறிஸ்டினா பெயரிலும் கடைப்பெயர் எழுதியிருப்பதை, தற்செயலாக அங்கே வந்திருந்த நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஜீப்பைக் கண்டதும் தீனா வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, அதிகாரிகளின் கண்ணெதிரிலேயே பலகையைத் திருப்பி மாட்டினான். ஏன் திருப்பினாய் என்று வந்திருந்த பெண் அதிகாரி கேட்டார். அவன் மறைக்கத் தெரியாதவன். "எந்தப் பக்கம் தெரியணும்னு அண்ணன் போன் பண்ணிச் சொல்லும் மேடம். இன்னிக்கு ஒண்ணும் சொல்லல, அதான் பேஜாராப் பூட்ச்சு" என்றான். அவர் சிரிக்கவில்லை. இரு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டு, ஒரே மின் மீட்டரையும் ஒரே கட்டிங் மெஷினையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாண்டுகளுக்கு முன் இதே யோசனையுடன் என் வரி ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தீர்கள். இயந்திரத்தை எந்த ஆண்டில் வாங்குவது, எந்தச் செலவுக்கு ரசீது வைப்பது, எந்த வரித் திட்டத்தில் சேர்வது என்பவை திட்டமிடல் என்றேன். ஒரே பட்டறையின் விற்பனையை இரண்டு பெயர்களில் பிரித்து, இரண்டும் சிறுவணிகருக்கான வரம்புக்குள் இருப்பதாகக் காட்டுவது மறைத்தல் என்றும் சொன்னேன். "ரூல் புக்குக்குள்ளயே பொறந்தவரு சார் நீங்க" என்று சிரித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் வேறொருவர் மூலம் மனைவி பெயரில் பதிவு எடுத்தீர்கள். அதைப் பற்றி இப்போது வாதிட எனக்கு விருப்பமில்லை. காரியம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

கிறிஸ்டினா பெயருக்குச் சம்மன் வந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் நேரில் வாக்குமூலம் தர வேண்டும். பட்டறை, இயந்திரம், ஆர்டர் எல்லாமே தன்னுடையவை, கணவர் கூடமாட ஒத்தாசை செய்பவர் மட்டுமே என்று சொல்லப்போவதாக என்னிடம் தெரிவித்தார். உங்கள் பெயர் கெட்டால் கல்லூரி ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம் அவருக்கு.

அந்த எண்ணத்தைக் கைவிடச் செய்வதற்காக, ஞாயிறு மாலை அதிகாரி கேட்பதுபோல் நானே கேட்டுப் பார்த்தேன். சமையல் மேடைக்கு எத்தனை கேஜ் கனத்தில் தகடு போடுவீர்கள் என்ற முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இல்லை. சம்மனின் பேரில் தரும் வாக்குமூலம் சட்டப்படி சாட்சியம், அதில் பொய் சொல்வது தனிக் குற்றம் என்று விளக்கினேன். அவர் எழுந்துபோய்க் காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமாண்ணா?" என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

நேற்று மீண்டும் சென்றேன். மேல்தட்டுக்குப் பதினாறு கேஜ், கீழ்த்தட்டுக்குப் பதினெட்டு, தகடு வாங்குவது எந்தக் கடையில், சிறுசேரி கேன்டீன் வேலையில் எந்த மேசை திரும்பி வந்தது, ஏன் வந்தது என எல்லாவற்றையும் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். இரண்டு நாளாகத் தீனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்திருக்கிறார். தடுமாற்றம் துளியும் இல்லை. ஞாயிறன்று பதில் வராதபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நேற்று அவர் சொன்ன பதில்களைக் கேட்டபோதுதான் உண்மையிலேயே பயந்தேன்.

ஏனென்றால் அதை நம்பிவிடுவார்கள். நம்பினால் உங்கள் விற்பனையும் அவருடைய கணக்கில் சேரும், வரம்பு மீறும், மூன்றாண்டு வரியும் வட்டியும் அபராதமும் அவர் ஒருவர் தலையில் விழும். கட்ட முடியாதபோது அவர் பெயரில் உள்ள சொத்தைத்தான் பிடிப்பார்கள். பெருங்களத்தூரில் அவருடைய அப்பா எழுதிவைத்த மனை யார் பெயரில் இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தப்பிப்பது அந்த மண்ணின் மீது கால் வைத்துத்தான்.

கைது செய்வார்கள் என்று யாரோ உங்களிடம் சொன்னதாக அக்கா கூறினார். உங்கள் கணக்கின் அளவுக்குச் சட்டத்தில் அந்தப் பேச்சே எழாது. இருவரும் ஒன்றாக வந்து, வியாபாரம் ஒன்றுதான் என்று உண்மையைச் சொல்லி, முறையான நோட்டீஸ் வருமுன் நீங்களாகவே வரியைக் கட்டினால் அபராதமும் பெரிதும் குறையும். உங்களுக்கான மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கல்லூரி ஒப்பந்தம் நிலைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. தெரியாததைச் சொல்லி உங்களை அழைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொய் வாக்குமூலத்துக்குத் துணையாக நான் உட்கார முடியாது. கிறிஸ்டினாவிடம் சொல்லிவிட்டேன். சரி அண்ணா, நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. அந்த அறையில் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். அது எனக்குரியதல்ல, உங்களுக்குரியது.

பலகையைக் கழற்றி உள்ளே வைக்கும்படி தீனாவிடம் சொன்னேன். எந்தப் பக்கம் மேலே இருக்கணும் சார் என்று கேட்டான். சுவரில் சாய்த்து நிறுத்தி வை என்றேன்.

உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று நேற்றுக் கிளம்பும்போது கிறிஸ்டினாவிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கேட் வரை வந்தவர், "ஞாயித்துக்கிழமைக்குப் போடுற வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்னு மட்டும் எழுதுங்கண்ணா" என்றார்.

ஞாயிறு மாலை தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நிற்பேன். எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று தெரிவிக்காவிட்டாலும் நிற்பேன். மாத்திரையை மறக்க வேண்டாம். கிறிஸ்டினா படித்த பாடம் அவருக்குத் தேவைப்படாமலே போகட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் நண்பன்,
ஸ்ரீநிவாசராகவன்.