உயிரோடு கப்பலேறிய பூங்காவனத்துக்கு

என் ஆயாவைப் பெற்ற தாயே, பூங்காவனம்,

உன்னைத் தேடிப் போன அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் தம்பி கோவிந்தசாமி, என் மகள் சரோஜா. அந்த வீட்டுப் பெரியவள் குப்பம்மாள், அவள் மகன் ஏழுமலை, மறுநாள் கழுத்து நீட்டப்போகிற அவன் மகள் தேவகி. அவர்கள் உன் அண்ணன் வழி. அது நீ பிறந்த வீடு.

உன்னைத் தேடப் போகிறேன் என்றதும் கோவிந்தசாமி சிரித்தான். "புள்ளய உட்டுட்டு ஓடிப்போனவ. தேடிப் புடிச்சி குடும்பம் நடத்தச் சொல்லப் போறியாக்கா?" எங்கள் வீட்டில் உனக்கு அதுதான் பேர். படையலில் செத்தவர்கள் எல்லார் பேரும் சொல்லுவார்கள், உன் பேரை மட்டும் விழுங்கிவிடுவார்கள். என் பேத்தி சுமதி கல்யாணப் படையலில் உன் பேர் வந்தே தீரணும் என்று நின்றேன்.

கடற்கரையில் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் தன்னைக் கொடுத்துவிட்டு நீ படகேறியதை ஆயா கண்ணால் பார்த்தவள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன பிரெஞ்சுக்காரன் கப்பலண்டை படகு போனதையும் பார்த்தாள். தனக்குக் காது குத்த வில்லியனூருக்கு அந்தப் பக்கமிருந்து தாய்மாமன் வீராசாமி சீர் கொண்டு வந்தான் என்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மூலக்குளம் வழியாகப் பஸ் பிடித்து, வில்லியனூர் தாண்டி ஊர் ஊராக இறங்கிக் கேட்டோம். வீராசாமி வகையறா யாருப்பா இங்க?

"எந்த வீராசாமி? ஊருக்கு நாலு பேர் கெடக்கறான்" என்றார் ஒரு டீக்கடைக்காரர்.

"தங்கச்சியத் தொலச்ச வீராசாமி" என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "பூவாடைக்காரி வூடா? இன்னைக்கி அங்க படையலாச்சே!"

கல்யாணத்துக்கு முன்னால், பூவும் பொட்டுமாகச் செத்த வீட்டுப் பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பதுதானே பூவாடை? உள்ளே போகிறேன், குப்பம்மாள் கற்பூரம் காட்டி, "பூங்காவனத்தம்மா, வந்து ஏத்துக்க தாயே" என்கிறாள். உன் மகள் வழி வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். நாங்கள் பேர் சொல்லாதவளை இவர்கள் தெய்வமாக்கிவிட்டார்கள்!

"கெணத்துல உழுந்து தெய்வமானவ" என்றான் ஏழுமலை.

"எந்தக் கெணத்துல? எங்க ஆயா அவ கப்பலேறினதப் பாத்தவ."

"படைக்கிற நேரத்துல என்னா பேச்சுமா இது?"

காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போனது. தெருக்கதவை விரியத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். குப்பம்மாள் முறைக்கு எனக்கு அத்தை. "கதவ ஏன் அத்த இப்டி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"இவளுக்குப் படைக்கும்போது சாத்தக்கூடாது. எங்க மாமியா காலத்துலேந்து அப்டித்தான்."

"ஏன்?"

படைத்த சேலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "புருசன் அடி தாங்காம, உச்சி வெயில்ல புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்து தட்டினாளாம். அண்ணங்காரன் தொறக்கல. வாழப்போன எடத்துலயே சாவுன்னு உள்ளேந்தே சொன்னானாம். ஊரு கேட்டதுக்குக் கெணத்தக் காட்டிட்டான். எங்க மாமியா சாவும்போது எங்கிட்ட மட்டும் சொன்னது."

கோவிந்தசாமி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சுமதி கல்யாணத்தில் உன் பேரை முதலில் சொன்னதும் அவன்தான். "புருசன உட்டுட்டுப் போனவளுக்கா படைக்கிறீங்க?" என்று சம்பந்தி இழுத்தாள். "உயிரக் காப்பாத்திக்கிட்டுப் போனவளுக்கு" என்றேன்.

எந்தத் தீவில் இறங்கினாய்? ரெயூனியோனா, மர்த்தினிக்கா? கரும்பு வெட்டினாயா? அங்கே இன்னொரு பிள்ளை பெற்றாயா? அதைத் தூக்கும்போது ஆயா ஞாபகம் வந்ததா?

இப்போது அந்தத் தீவுகளிலிருந்து ஆட்கள் தாத்தன் பூட்டன் ஊரைத் தேடி வருகிறார்கள். கறுத்த முகம், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. கடற்கரையில் ஒருத்தியை நிறுத்தி, ஆயா மூக்கு தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன், பயந்தே போனாள். "அம்மா, போலீசக் கூப்பிடப் போறாங்க" என்று சரோஜா என்னை இழுத்துக்கொண்டு போனாள். போகட்டும். கால் நடக்கிற வரைக்கும் போவேன், உன் பேரைச் சொல்லிக் கேட்பேன். நான் படுத்துவிட்டால் சுமதி கேட்பாள், சத்தியம் வாங்கிவிட்டேன்.

உன்னை அடித்தவனை விட்டுவிட்டேன், அவன் பேர்கூட எவருக்கும் நினைவில்லை. உன் குரல்தான் என்று தெரிந்தும் தாழ்ப்பாளை எடுக்காதவன், உயிரோடு இருந்தவளுக்குச் சாவு சொன்னவன் ஒருத்தன் இருக்கிறானே, உன் கூடப் பிறந்த வீராசாமி. அவனை மன்னிக்க மாட்டேன்.

உன் மகளின் பேத்தி,
அஞ்சலாட்சி