ஒரு கணினிக்கு இரண்டு காவல்

மச்சான்,

யாருமே நம்பாத ஒரு கதையை எழுதப் போகிறேன் என்று முதலிலேயே உறுதி தருகிறேன். சத்தியம் மட்டும் செய்யமாட்டேன். பொய்ச் சத்தியத்துக்குக் கபுறுக் குழிக்குள் கேள்வி உண்டு. நீ எனக்கு முன்னமே போய்ப் படுத்திருக்கிறாய்; சாட்சிக்கு உன்னைக் கூப்பிட்டால் என் பாடு கஷ்டம்.

நேற்று மருமகன் புது மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தார். உள்ளே அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் கீச்சிட்டு வெளியே வந்ததும் புது பிளாஸ்டிக்கின் வாசம் வீடெல்லாம் பரவியது. அதோடு நீயும் வந்துவிட்டாய். "எந்த அன்டிவைரஸ் போடுவம், மாமா?" என்று சாதாரணமாகக் கேட்டார் அவர். இந்தக் கேள்வியால் ஒரு காலத்தில் இரண்டு குடும்பங்களும் ஏறக்குறைய பாதிக் கிழக்கு மாகாணமும் அழியப் பார்த்தன என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளின் கடைசி. சாய்ந்தமருதில் என் தங்கச்சியின் சீதன வீட்டுக்கு நீ மாப்பிள்ளையாக வந்து ஆறாம் வருடம். நீ கணினியைக் கொண்டுவந்து முதன்முதலாகப் போட்டபோது சம்மாந்துறை நெல் ஆலைகள் எல்லாம் ஒரு நொடி நின்றன. ஒலுவிலில் கரைக்கு வந்துகொண்டிருந்த மீன்கள் பயந்து ஆழத்துக்குத் திரும்பின. மொனிட்டரின் பின்பக்கத்தில் ஒரு சிறு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம், அவ்வளவு பெரிது.

நீ கணக்கு வாத்தியார். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கென்று கணக்குப் புத்தகம் எழுதினாய். எட்டு மாதமாக ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாய். தட்டி முடிந்த கையெழுத்துத் தாள்களைப் பழைய கடதாசி என்று நினைத்துத் தங்கச்சி கடலை சுற்றி விற்கிற கச்சான்காரருக்குக் கொடுத்துவிட்டாள். கடற்கரையில் கச்சான் தின்ற சனமெல்லாம் கையில் முக்கோணத் தேற்றத்தோடு திரிந்தது. நீ பிரதி எடுத்து வைத்த டிஸ்கட்டுகளையோ உப்புக்காற்றும் பூஞ்சணமும் பங்கு போட்டுக்கொண்டன. ஆக, புத்தகத்தின் முந்நூறு கணக்குகளும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் உயிரோடிருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் செய்தி வந்தது: உலகமெங்கும் கணினிகளுக்குள் ஒரு வைரஸ் உறங்குகிறதாம், வருகிற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விழிக்குமாம், உள்ளே இருக்கும் எதையும் விட்டுவைக்காதாம். உன் முகம் அவித்த கிழங்கு போல ஆனது.

அன்டிவைரஸ் ஒன்று வேண்டும். இரண்டு கிடைத்தன. ஒன்று, ரியாத்திலிருந்து லீவில் வந்த உன் கூடப்பிறந்த மூத்தவர், உன் காக்கா, கொண்டுவந்தது. பொன்னிறப் பெட்டி; உள்ளே இருந்த கையேட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கலாம். மற்றது, எங்கள் பெரிய மாமா கொழும்பிலிருந்து வாங்கி வந்த நான்கு டிஸ்கட்டுகள், றப்பர் பட்டி போட்டுக் கட்டியவை.

"வீட்டுக்குள்ள எடுக்கிற ஆள விசாரிக்காம எடுக்கேலா மச்சான்" என்றாய் என்னிடம். மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே விசாரித்தோம். எவ்வளவு சாப்பிடும்? அதாவது, கணினியின் ஞாபகத்தில் எத்தனை பங்கைத் தின்னும்? குற்றவாளியைக் கண்டால் அது புகுந்த கோப்பு முழுவதையும் கொல்லுமா, நோயை மட்டும் எடுக்குமா? அதற்குத் தெரிந்த வைரஸ்களின் பட்டியல் எந்த மாதம் வரைக்கும்? பொன்னிறப் பெட்டியின் பட்டியல் இரண்டு வருடம் பழையது. மாமாவின் டிஸ்கட்டில் போன மாதம் வரை இருந்தது. ஆனால் மூன்றாவது டிஸ்கட்டை ஓடிக்கொலோன் போட்டுத் துடைத்த பிறகுதான் வாய் திறந்தது.

கல்முனையில் கணினி வகுப்பு நடத்தியவரிடமும் போனோம். ஒரு கணினிக்கு ஒன்றுதான், இரண்டைப் போட வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னார். கேட்டோமா? உன் காக்கா கடல் தாண்டிக் கொண்டுவந்ததை வேண்டாம் என்பதா? பெண் வீட்டில் இருந்துகொண்டு பெண்ணின் மாமா தந்ததைத் திருப்பிக் கொடுப்பதா? யார் மனமும் நோகக் கூடாது என்று இரண்டையும் போட்டாய். நம் கரையில் பிறந்தவன் வேறென்ன செய்வான்?

அது அந்த வெள்ளிக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம். காக்காவும் மாமாவும் வீட்டு முன்மண்டபத்தில் எதிரெதிரே இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், தங்கள் ஆள் வேலை செய்கிற அழகைக் கேட்க. நீயும் தங்கச்சியும் நானும் இருந்த அறைக்குள் கணினியோ ஒரு விசையை அழுத்திவிட்டுக் காரைதீவுக்கு நடந்து போய்த் திரும்பினால்தான் எழுத்தைக் காட்டியது. பிறகு திரை சிவந்தது. மாமாவின் ஆள் காக்காவின் ஆளைக் காட்டி, இதோ வைரஸ் என்றது. காக்காவின் ஆள் விட்டுக்கொடுக்குமா? அதுதான் வைரஸ் என்று மாமாவின் ஆளைக் காட்டிக் கூவியது. அந்தக் கூவல் வரிப்பத்தான்சேனை வயல்களில் கொக்கைக் கலைத்தது.

இரண்டில் ஒன்றைக் கழற்றியே ஆக வேண்டும். நேரமோ இல்லை. நமக்கு வியாழன் பொழுதுபட்டு மஃரிப் பாங்கோடு வெள்ளி பிறந்துவிடும் அல்லவா? வைரஸுக்கும் அப்படித்தான் என்பதில் நம் மூவருக்கும் சந்தேகமே வரவில்லை. வெளியே பொழுது சரிந்துகொண்டிருந்தது.

நீ குரலைத் தாழ்த்தினாய். "என்ட காக்காட பெட்டியக் கழட்டுவம். மாமா மனசு நோவப்படாது."

தங்கச்சி கதவைச் சாத்தினாள். "வேணாம். காக்கா அவ்வளவு தூரத்தால சுமந்து வந்தது. என்ட மாமாடத்தக் கழட்டுங்க. மாமாக்கிட்ட நான் கதைக்கிறன்."

"நீ ஏன் உன்ட ஆக்களோட கோவிக்கணும்?"

"நீங்க மட்டும் ஏன் உங்கட ஆக்களோட கோவிக்கணும்?"

மெல்லிய குரலில் அப்படி ஒரு சண்டையை நான் கண்டதில்லை. எட்டு மாத உழைப்பு பெட்டிக்குள் மூச்சுத் திணறுகிறது. நீங்கள் இருவரும் யார் பழியை ஏற்பது என்று அடம்பிடிக்கிறீர்கள். நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பாங்கு சொல்லும் மோதினார் தொண்டையைச் செருமினார்.

தங்கச்சி திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். "அந்த நாளே வராமப் பண்ண ஏலாதா? பிறை தெரியாட்டிப் பெருநாளையே தள்ளி வெக்கிறமே."

நீ துள்ளி எழும்பினாய். தேதியை எடுத்தாய், வெள்ளியைத் தாண்டினாய், சனியில் வைத்தாய். பாங்கு ஒலித்தது. உலகத்தில் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் அந்த வாரம் ஆறு நாள்.

வைரஸின் வெள்ளிக்கிழமை நள்ளிரவில்தான் பிறக்கும் என்று கல்முனைக்காரர் பிறகு சொல்லிச் சிரித்தார். புத்தகம் அச்சேறியது. பட்டியல் புதிதென்ற காரணத்தைச் சொல்லித் தங்கச்சியிடம் நீ வென்றாய். மாமாவின் டிஸ்கட்டுகள் தங்கின. காக்காவின் வெறும் பொன்னிறப் பெட்டியைத் தங்கச்சி கண்ணாடி அலுமாரியில் நடுத்தட்டில் வைத்தாள். அவர் லீவில் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, நம்முடைய ஆள் நல்ல காவல் என்று பெருமைப்பட்டுப் போனார்.

நீ மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகும் அவர் வருகிறார், மச்சான். இன்றைக்கும் தங்கச்சி முதல் கோப்பையை அவருக்குத்தான் ஊற்றுகிறாள். மாமா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டாம் கோப்பைக்குக் கை நீட்டுவார். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் சம்மந்தம் பேச என்னைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வீடு, வளவு, தொழில் எல்லாவற்றையும் மற்றவர்கள் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கள் ஆட்களுக்கு முன்னால் மற்றவரின் ஆட்களுக்காக நிற்பார்களா என்று மட்டும் நான் பார்ப்பேன். வேறொன்றும் பார்க்கத் தெரியவில்லை.

ஆலை நின்றது பொய். மீன் திரும்பியது பொய். காரைதீவுக்கு நடந்ததும் பொய். பாதி வழியில் திரும்பிவிட்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால் நீங்கள் இருவரும் போட்ட அந்தச் சண்டை மட்டும் நடந்தது.