மணல்மேட்டின் ஏழாவது சவுக்கு

8 டிசம்பர் 1974, ஞாயிறு

பூசை முடிந்து ஊர்க் கூட்டம். சென்ற வருஷம் மூங்கிலில் பச்சைத்தாள் சுற்றிய கிறிஸ்மஸ் மரம் மடக்கிய குடை மாதிரி இருந்ததாம். இந்த வருஷம் நிஜ மரம் வேண்டுமாம். கரையோர மணல்மேட்டில் ஏழு சவுக்கு நிற்கின்றன. அதில் ஒன்றை வெட்டுவதென்று முடிவு. வெட்டித் தருவதாக எழுந்து நின்றவர் – என் அப்பா.

நானும் எழுந்தேன். நான் சிறுவனாயிருந்தபோது அடித்த புயலுக்குப் பிறகு மணலைப் பிடித்து நிறுத்த நட்டவை அவை என்றேன். வேர் போனால் மணல் நகரும். நகர்ந்தால் கோயில் கிணறு தூர்ந்துபோகும்.

"தம்பி தாவரவியல் எம்.எஸ்ஸி." என்று பங்குச் சாமியார் மற்றவர்களுக்கு விளக்கினார், ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோல.

எதிர்வீட்டு இஞ்ஞாசி, அப்பாவைப் போல மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர்: "ஏழுல ஒண்ணு போனா ஆறு நிக்கும்லா தம்பி. கணக்கு படிக்கலையோ?"

சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அதுதான் –

10 டிசம்பர்

அந்த மரத்தைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் குறட்டை. நிறுத்தினேன்.

அம்மா குசினி அடுப்படியிலிருந்து: "நிறுத்தாதல, வாசி. ரெண்டு நாளா மனுசனுக்கு உறக்கமே இல்ல."

14 டிசம்பர்

வெட்டிவிட்டார். மேல்பாதி கோயிலுக்குள். கீழ்ப்பாதி கிறிஸ்மஸ் குடிலுக்குத் தூண். நான் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். எதிர்ப்பின் ஒரு வடிவம். யாரும் கவனிக்கவில்லை.

16 டிசம்பர்

அப்பாவின் வள்ளம் வெறுங்கூடையோடு திரும்பியது. நீரோட்டம் சரியில்லை என்கிறார்.

17 டிசம்பர்

இன்றும் வெறுங்கூடை. இஞ்ஞாசிக்கு மட்டும் நீரோட்டம் சரியாக இருக்கிறது.

18 டிசம்பர்

விடியுமுன் அப்பா என்னை மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனார். வெட்டிய அடிக்கட்டையின் முன் நின்றார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"ஏலே. ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டியே?"

விஷயம் இது. கடலடியில் அப்பாவுக்கென்று ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. விளமீன் அங்கேதான். வேறு எவருக்கும் தெரியாது. கோயில் கோபுரமும் ஒரு மரத்தின் தலையும் ஒரே நேராக வரும் கோட்டில், கயிற்றில் இறக்கிய ஈயக்குண்டு பாறையில் தட்டும் இடத்தில் நங்கூரம் போடுவார். ஒன்பது வருஷமாக.

அந்த மரம் இதுதான்.

"நீங்கதானே வெட்டினீங்க!"

"நான் கடல்ல இருந்துல்லா பாத்திருக்கேன்! அங்கன இருந்து பாத்தா ஒத்தத் தலை, குடை விரிச்ச மாதிரி நிக்கும். இங்கன வந்தா ஏழும் ஒண்ணுபோல இருக்கு. எது எதுன்னு எவனுக்குலே தெரியும்? ரெண்டு நாளா ஈயக்குண்டை விட்டுத் தேடுதேன். அடியில எல்லாம் மணலு."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பிறகு யோசித்தேன். ஒன்பது பக்கம் எழுதிய நான் அதைக் கடலிலிருந்து ஒருமுறையாவது பார்த்தேனா?

மரத்தைத் திரும்பக் கேட்கவேண்டும். ஏன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் நாளைக்கே இஞ்ஞாசி அங்கே தூண்டில் போடுவார்.

"அந்த ஒம்போது பக்கத்தை எடுலே," என்றார் அப்பா.

முழுதும் கேட்டார். கொட்டாவிகூட விடவில்லை.

19 டிசம்பர்

சாமியார் அறையில்.

அப்பா: "வேரு மண்ணைப் பிடிக்கும் சாமி. மண்ணு கிணத்தைப் பிடிக்கும். கிணறு நம்மளைப் பிடிக்கும்."

கடைசி வரி என்னுடையது அல்ல.

"மரந்தான் செத்துப்போச்சே ரோச். இனி வேருக்கு எங்க போக?" என்று சாமியார் அப்பாவைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னேன்: பரிகாரம். வெட்டிய மரத்தை வெட்டிய இடத்திலேயே நிறுத்தி, சுற்றிலும் கன்றுகள் நடுவது.

சாமியாரின் கண் மின்னியது. எனக்குக் கூச்சம். நம்பாத ஒன்றை இவ்வளவு நன்றாக எப்படிச் சொன்னேன்?

22 டிசம்பர்

பவனி. பழைய பாய்மரத்தின் உச்சியில் கிறிஸ்மஸ் மரத்தைக் கட்டி, அடிக்கட்டை பக்கத்தில் நட்டார்கள். பலூன், பஞ்சு, தகர நட்சத்திரம் எல்லாவற்றோடும். "கொஞ்சம் இடது... இன்னும் ஒரு சாண்..." அப்பா வியர்த்துக் கத்தினார்.

"ரோச்சு அண்ணாச்சிக்கு இம்புட்டு பக்தி எப்ப வந்துச்சு?" என்று இஞ்ஞாசி என்னைக் கேட்டார்.

தெரியாது என்றேன்.

23 டிசம்பர்

கூடை நிறைய விளமீன்.

25 டிசம்பர்

பிரசங்கத்தில் நான். "படித்த பிள்ளை ஒருவன் தகப்பனை மனந்திருப்பினான்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், மனந்திரும்பியவர் மாதிரியே.

என் வாதம் வென்றது. வென்றது என் வாதத்தால் அல்ல.

5 ஜனவரி 1975

பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். கன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர், தினமும், அப்பா கையால்.

"கடல்ல இருந்து தெரிய எத்தனை வருசம் ஆகும்?"

"ஏழெட்டு."

நான் குறைத்துத் தருவேன் என்பதுபோல் காத்திருந்தார்.

14 மார்ச்

காய்ந்த மரம் ஒடிந்து விழுந்தது. அப்பா பாய்மர உச்சியில் நட்சத்திரத்தை மட்டும் கட்டினார். "தபசு நோன்பு காலத்துல கிறிஸ்மஸ் நட்சத்திரமா ரோச்?" என்று சாமியார் கேட்டாராம்.

20 ஜூலை

இரண்டை ஆடு தின்றது. அப்பா ஆட்டுக்காரரிடம் போட்ட சண்டை கோயில்வரை கேட்டது. மிச்சம் பத்து.

14 டிசம்பர், ஞாயிறு

மறுபடி கூட்டம். நிஜ மரம் கேட்டு ஒரு குரல். அப்பா எழுந்தார். வேர், மணல், கிணறு – கால் மணி நேரம். மூங்கிலும் பச்சைத்தாளும் என்று முடிவாயிற்று. "பேசாம குடையையே வச்சிரலாம்," என்றார் இஞ்ஞாசி.

16 டிசம்பர்

ராத்திரிக் காற்றில் பாய்மரம் நட்சத்திரத்தோடு சாய்ந்துவிட்டது. காலையில் மூச்சிரைக்க மேட்டுக்கு ஓடினேன். அப்பா குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, அடையாளம் போச்சே!"

"போனா போவுது. துறைமுகத்துப் பக்கம் புதுசா உசரமா தண்ணித்தொட்டி கட்டியிருக்கானுவல்லா. சித்திரையில இருந்து அதை அடையாளம் வச்சுல்லா போறேன்."

சித்திரை. விரல்விட்டு எண்ணினேன். எட்டு மாதம். தினமும் இருபது குடத்துக்குக் குறையாமல்.

"அப்ப இதுக்கு எதுக்குத் தண்ணி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கன்றின் அடியிலிருந்து மணலைக் கையால் விலக்கினார். அது அவர் இடுப்புக்கு வந்திருந்தது.

"கேள்வி கேட்டுட்டு நிக்காதல. அந்தக் கடைசிக் கன்னுக்கு இன்னும் ஊத்தல."