இரண்டு சிவப்புக் கோடுகள்

நவம்பர் 12, புதன்

நான் கட்டிவரும் காருக்காகப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய முன்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களை இன்று மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது. வலது வளைந்திருந்தது. எந்த வண்டியுடையது என்று பார்க்கப் பிசுக்கைத் துடைத்தேன். நட்டின் மேல் இரண்டு சிவப்புக் கோடுகள். முறுக்கியதும் ஒன்று, சரிபார்த்ததும் ஒன்று என்று மனைவி மாலதியின் நெயில் பாலிஷால் கோடு போடுபவன் நான்தான். தம்பி ரகுவின் காருக்கு மட்டும்தான் அப்படிப் போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் சைனிக்புரி வீட்டை அவன் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஆக்சிடென்ட் காடி, சாப்" என்றார். விபத்தில் சிக்கிய வண்டியாம்; ஓட்டியவர் என்ன ஆனார் என்பது அவருக்குத் தெரியாதாம்.

ரகு செத்தால்கூட எனக்குச் சொல்லக் கூடாதென்று அவன் வீட்டில் முடிவு செய்திருப்பார்களோ?

"முதல்ல ரகுவுக்குப் போன் பண்ணுங்க. உங்க ரோஷத்தை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் மாலதி.

"நக்கோ, வேண்டாம். சொல்ல வேண்டியவன் அவன்."

அவள் படுத்தபின் அவன் எண்ணுக்கு அடித்தேன். ரகு தன் போனை யாரையும் தொட விடமாட்டான். அவன் மகன் எடுத்து, "எவரண்டி?" என்று தெலுங்கில் யாரெனக் கேட்டான். அப்பா எங்கே என்று கேட்காமலே வைத்துவிட்டேன்.

இப்போது அந்த எண்ணிலிருந்து திரும்ப அழைக்கிறார்கள். அடித்துக்கொண்டே இருக்கிறது.