அப்பாவின் ரத்தத்தில் மாமா

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்றே எழுதலாம்தான், ஆனால் போன வாரம் அது பச்சைப் பொய், அந்தப் பொய்யைத்தான் போனில் உன்னிடம் சொன்னேன். திட்டுவதற்கு முன் முழுதும் படி. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார், இப்போது வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்னை வேலை வாங்குகிறார்.

காய்ச்சல் வந்தது, மனிதர் சலூனை மூடினால்தானே. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம், பிரஷ் சரியில்லை என்றார். காலெல்லாம் சிவப்புப் புள்ளி, மூட்டைப்பூச்சி என்று சொல்லி மெத்தையை வெயிலில் தூக்கிப்போட வைத்தார். கடைசியில் ஒருவருக்கு முடி வெட்டும்போது இவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி அந்த ஆளின் அரை வழுக்கையில் விழ, தலையையே வெட்டிவிட்டார்கள் என்று அவர் போர்த்திய துணியோடு தெருவுக்கு ஓடியிருக்கிறார். கொசு கொடுத்த காய்ச்சல், பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. இவ்வளவு ரத்தம் வருகிறதே, அப்புறம் என்ன குறைச்சல் என்று உன் அப்பா வாதாடினார். அந்த அம்மா பொறுமைசாலி. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும், வெள்ளையணு கிருமியோடு மல்லுக்கட்டும், பிளேட்லெட் ஓடிப்போய் ஓட்டையை அடைக்கும், இவை மூன்றையும் மிதக்க விட்டுக் கொண்டுபோகிற மஞ்சள் தண்ணீர்தான் பிளாஸ்மா, உங்களுக்கு ஓட்டையை அடைக்கத்தான் ஆளில்லை என்றார். ஒரு கீறல் விழுந்தாலும் நிற்காதாம், சவரக்கத்தி முகத்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாதாம். தலைக்குள் கசிந்தால் கஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் தருகிறேன் என்று கையை நீட்டினேன். எனக்கு ஹீமோகுளோபின் குறைவாம், உங்களுக்கே யாராவது கொடுக்கணும் என்று துரத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உன் மாமாவைக் கூப்பிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, அப்பாவிடமே தொழில் கற்றுக்கொண்டு அவர் கடைக்கு எதிரிலேயே ஏசி போட்டு சலூன் திறந்தவன். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவன் மச்சான் இல்லை, வெறும் 'எதிர்க்கடை'. ஒரு வாடிக்கையாளரைப் பாதி மீசையோடு நிறுத்திவிட்டு ஓடிவந்தான் என் தம்பி. மெஷின் அவன் கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப அவனுக்கே ஏற்றியது. கஞ்சி மாதிரி மஞ்சளாக ஒரு பை. யாருடையது என்று அப்பா கேட்டார், ரத்த வங்கி என்றேன். இவன் சும்மா இருக்கிறானா, கையில் பஞ்சோடு கட்டிலருகே வந்து நின்றான். "அத்தான், அது என்னோடது. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, பிடுங்கிடலாம்."

உன் அப்பா பையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீணாக்காத. முழுசா இறங்கட்டும்."

மறுநாள் ரத்தம் நின்றது. அவன் சரக்கு காலம் முழுக்க எனக்குள்ளேயே இருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கவலையோடு கேட்டார். சில நாள்தான், அதற்குள் உங்கள் எலும்பு மஜ்ஜையே புதிதாகச் செய்துவிடும் என்றதும்தான் மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்தார், பிளேட்லெட் எண்ணிக்கையும் ஏறிவிட்டது, இனி பழைய சண்டைதான் என்று நினைத்தேன். முந்தாநாள்தான் சவரம் செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. கரடி மாதிரி தாடியோடு கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன். தன் கடையைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்க்கடை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்த மனிதர் தன் முகத்தில் வேறொருவன் கத்தி படவிட்டதே இல்லை. தம்பி கத்தியைக் கோணலாகப் பிடித்தான்.

"நான் சொல்லிக்குடுத்தது இதுவா? நேராப் பிடி" என்றார். பிறகு கண்ணை மூடிக் கழுத்தை நிமிர்த்திக் காட்டினார். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடது கிருதா கோணல் என்று முணுமுணுத்தார், அது வேறு.

லீவு போட்டுப் பறந்து வராதே. உன் ரத்த வகை என்னவென்று தெரிந்து வை, முடிந்தபோது கொடு. மாமாவுக்கு ஒரு போன் போடு. கொசு அண்டாமல், கோபம் தங்காமல், நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா