பதினோராம் கேள்வி

அன்புள்ள வாலுவுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. அங்கேயும் நீ நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இன்று மருத்துவமனையில் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும், போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம் இல்லையா, அங்கே இரண்டு படிவம் தருவார்கள். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு. எதிலாவது ஆர்வம் காட்டுகிறாரா, தானாக ஒரு வேலையைத் தொடங்குகிறாரா என்று பதினாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் துளியும் இல்லை என்றால் பூஜ்யம், நிறைய என்றால் மூன்று வரை போடலாம். பதினோராவது, பிள்ளைகள் மேல் அக்கறை காட்டுகிறாரா என்பது. போன இரண்டு தடவையும் அதற்கு யோசிக்காமல் மூன்று போட்டேன், இன்றும் போட்டேன். அக்கறை இல்லாதவருக்கு உன் மேல் இத்தனை கோபம் எப்படி வரும் என்று நினைத்தேன். அப்பாவோ தன் படிவத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று. நர்ஸம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஐயா முதல் ரேங்க், நீங்கதான் மார்க் போட இவ்வளவு கஞ்சம், இந்த ஒண்ணுல மட்டும் என்ன தாராளம் என்று சிரித்தார். மக மேல ரொம்பக் கோபம், அதான் என்றேன். கடைசியா என்ன சொல்லிக் கோபப்பட்டார் என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் பார்த்துவைத்த வேலையை விட்டுவிட்டு நீ கிளம்பிய அன்று கத்தினார், அவ்வளவுதான். இந்த மூன்று வருடத்தில் உன்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை, நல்ல சொல்லும் இல்லை. உள்ளே டாக்டரிடம் இதைச் சொன்னேன். இது கோபமும் இல்ல, துக்கமும் இல்லம்மா, தானா ஒண்ணைத் தொடங்குற விசையே இந்த நோயில குறைஞ்சிடும், நாம தொடங்கிவெச்சா கூட வருவார் என்றார். ரயில் ஓட்டிய மனுஷர் ஜன்னலுக்கு வெளியே ரயில் கூவினாலும் திரும்புவதில்லை, அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றை அடித்துப் பூஜ்யம் போட்டேன். அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை, நீயாகக் கூப்பிடாதே, அவரே பேசுவார் என்று உன்னைத் தடுத்து வைத்தவள் நான்தான் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியில், மக மேல கோபமா என்று அவரிடமே கேட்டேன். எதுக்கு என்றார்.

திட்டுவதானால் என்னைத் திட்டு, ஆனால் அவரைக் கூப்பிடு. அவராகக் கூப்பிடுவார் என்று காத்திருக்காதே. ம் என்று மட்டும் சொன்னாலும் வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, அந்தத் தலைவலி அதனால்தான். எங்கே இருந்தாலும் மனநிறைவோடு இரு.

உன் சித்தி

பி.கு. எழுதி முடித்ததும் உன் எண்ணைப் போட்டு, பேசுறீங்களா என்று போனை நீட்டினேன். சரி என்று வாங்கிக்கொண்டார். நீ எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தார்.